பேசுவதற்கு முன் விண்ணப்பம்: பொதுப் பயன்பாடும் விற்பனையும் வெளிப்படுத்தலும் காப்புரிமையைப் பாதிப்பது எப்படி?

அமெரிக்காவில் 1855ஆம் ஆண்டில் சாமுவேல் பார்ன்ஸ் என்பவர் முன்னிலையில் இரண்டு பெண்கள் ஒரு குறையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்கி அணிந்த கார்செட் என்னும் உள்ளாடையில் செருகப்படும் எஃகுப் பட்டைகள் அடிக்கடி முறிந்துபோகின்றன என்பதே அந்தக் குறை. முறியாத பட்டைகளைத் தம்மால் செய்துவிட முடியும் என்று சொன்ன பார்ன்ஸ், அடுத்த முறை சந்தித்தபோது தாமே செய்த ஒரு ஜோடியை அவர்களில் ஒருவரான பிரான்சிஸ் என்ற பெண்ணிடம் கொடுத்தார். 1858இல் இன்னொரு ஜோடியும் கொடுத்தார். பட்டைகள் நன்றாக உழைத்தன. துணி நைந்துபோனபோதெல்லாம் பிரான்சிஸ் தையலைப் பிரித்துப் பட்டைகளை எடுத்துப் புதிய கார்செட்டில் வைத்துக்கொண்டார். 1863இல் நண்பர் ஒருவருக்குக் காட்டுவதற்காக அந்த உடையைக் கத்தரிக்கோலால் பிரித்துப் பட்டைகளை வெளியே எடுத்து, அவை செய்யப்பட்ட விதத்தைப் பார்ன்ஸ் விளக்கினார். இதற்கிடையில் அவரும் பிரான்சிஸும் மணம் செய்துகொண்டார்கள். காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தது 1866இல்தான்.

காப்புரிமை கிடைக்கத்தான் செய்தது. ஆனால் பார்ன்ஸின் மறைவுக்குப் பின் அதை வைத்துக்கொண்டு பிரான்சிஸ் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, 1881இல் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது. விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே, கண்டுபிடிப்பாளரின் சம்மதத்தோடு, கண்டுபிடிப்பு பொதுப் பயன்பாட்டில் இருந்துவிட்டது என்பதே காரணம். ஒரே ஒரு பெண், உடைக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் அணிந்திருந்த ஒரு பொருள் எப்படிப் ‘பொதுப் பயன்பாடு’ ஆகும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அன்றைய அமர்விலேயே ஒரு நீதிபதி இதே கேள்வியோடு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மையின் விடை தெளிவாக இருந்தது. பயன்படுத்தியவர் எத்தனை பேர், பொருள் கண்ணுக்குத் தெரிந்ததா என்பவை முக்கியமல்ல. இயல்பாகவே வெளியில் தெரியாத இடத்தில் இயங்கும் கண்டுபிடிப்புகள் பல உண்டு. பார்ன்ஸ் அந்தப் பட்டைகளைக் கொடுத்தபோது இரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றோ, சோதனைக்காகத்தான் தருகிறேன் என்றோ எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. வழக்கு அந்த இடத்தில்தான் முடிந்தது.

இந்தப் பழைய வழக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும், ‘நான் இன்னும் எதையும் வெளியிடவில்லையே, நாலு பேரிடம் காட்டினேன், அவ்வளவுதான்’ என்று நினைக்கிறார்கள். பத்திரிகையில் அச்சாவதும் மேடையில் அறிவிப்பதும் மட்டுமே வெளியீடு என்பது அவர்கள் எண்ணம். சட்டம் தலைகளை எண்ணுவதில்லை. அந்த நாலு பேரில் ஒருவராவது, தாம் அறிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவும் பயன்படுத்தவும் சுதந்திரம் உள்ளவராக இருந்தாரா என்பதையே அது பார்க்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், இக்கட்டுரையில் வரும் பெரும்பாலான விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

காப்புரிமை என்பது அடிப்படையில் ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடிப்பாளர் தம் கண்டுபிடிப்பைத் துறை அறிந்த வேறொருவர் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு முழுமையாக எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, தம் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையை அரசு அவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, வழங்குகிறது. பொதுமக்கள் ஏற்கெனவே அறிந்துவிட்ட ஒன்றை அவர்களுக்கே திரும்பக் கொடுத்துவிட்டு உரிமை கேட்க முடியாது என்பதால், விண்ணப்பத் தேதியன்று கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் பொதுவெளிக்குக் கிடைத்துவிட்ட அனைத்தையும் சேர்த்து ‘முன்னறிவு’ என்று இங்கே அழைப்போம். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 54ஆம் பிரிவு இதற்குக் கொடுக்கும் வரையறை மிக அகலமானது: எழுத்தாலோ, பேச்சாலோ, பயன்பாட்டாலோ, வேறு எந்த வழியிலோ பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்ட யாவும் முன்னறிவே. எந்த நாட்டில், எந்த மொழியில், எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்ற எல்லை இல்லை.

அந்த முன்னறிவை உருவாக்கியவர் யார் என்பதும் பொருட்டல்ல. இங்கிலாந்தில் 1958இல் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன், மிதவைப் பலகையில் பாய்மரம் ஒன்றைப் பொருத்தி ஹேலிங் தீவின் கரையோரத்தில் ஓட்டி விளையாடினான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பாய்மரப் பலகைக்கான காப்புரிமையை வைத்திருந்த ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், அந்த விளையாட்டே எதிர்த்தரப்பின் சாட்சியமாக வந்தது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. சிறுவனின் பாயில் இருந்த பிடிகோல் நேரானது, காப்புரிமையில் இருந்ததோ வளைந்தது. ஆனால் அந்த வேறுபாடு துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்று நீதிமன்றம் கருதியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: முன்னறிவு அச்சு அசலாக ஒத்திருந்தால்தான் ஆபத்து என்பதில்லை, அதிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் வந்துவிடக்கூடிய தூரத்தில் உங்கள் கண்டுபிடிப்பு இருந்தாலும் அது விழும். நீங்களே முன்பு காட்டிய ஒரு பாதி வடிவமும், பின்னாளில் உங்கள் முழு வடிவத்துக்கு எதிராக இவ்வாறு நிற்கக்கூடும்.

வெளிப்படுத்தல் என்பது எத்தனை உருவங்களில் வரும் என்பதற்கு அளவே இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடப்பட்டு வைக்கப்பட்டிருந்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஒரே ஒரு படி, அமெரிக்க விண்ணப்பம் ஒன்றை வீழ்த்தியது. அதை யாராவது எடுத்துப் படித்தார்களா என்பதை அல்ல, தேடினால் கிடைத்திருக்குமா என்பதையே 1986இல் நீதிமன்றம் பார்த்தது. இன்னொரு வழக்கில், 14 தாள்கள் கொண்ட ஒரு விளக்கப் பலகை 1998இல் ஒரு கருத்தரங்கில் இரண்டரை நாட்களும் மற்றொரு நிகழ்வில் ஒரு நாளுக்குக் குறைவாகவும் வைக்கப்பட்டிருந்தது. படிகள் விநியோகிக்கப்படவில்லை, எந்த நூலகத்திலும் சேர்க்கப்படவில்லை. இருந்தும், குறிப்பெடுக்கக் கூடாது என்றோ படமெடுக்கக் கூடாது என்றோ எந்த அறிவிப்பும் இல்லாமல் துறை வல்லுநர்கள் நடந்துபோகும் வழியில் அது நின்றிருந்ததால், அது வெளியீடே என்று 2004இல் தீர்ப்பானது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2007 ஜனவரி 9ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் அறிமுகப்படுத்தியபோது, திரையில் படங்களை விரலால் தள்ளிக் காட்டினார். கடைசிப் படத்துக்கு அப்பால் தள்ளினால் அது சற்று நகர்ந்து மீண்டும் தன் இடத்துக்கே துள்ளி வரும். அந்தத் துள்ளலுக்கான விண்ணப்பம் சில மாதங்கள் கழித்தே பதிவாயிற்று. 2013இல் ஜெர்மனியின் கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றத்தில் அந்த நிகழ்ச்சியின் காணொளியே ஆப்பிளுக்கு எதிரான ஆவணமாக வைக்கப்பட்டது. காப்புரிமை அங்கே ரத்தாயிற்று. பொருளின் தோற்றத்தைக் காக்கும், காப்புரிமைக்கு அண்டை வீடான வடிவமைப்பு உரிமையிலும் இதே கதைதான்: பாடகி ரிஹானா 2014 டிசம்பரில் பூமா காலணிகளை அணிந்திருந்த படங்கள் இன்ஸ்டாகிராமில் வெளியாயின, 2016இல் அந்நிறுவனம் பதிவு செய்த காலணி வடிவமைப்பு, அந்தப் படங்களைக் காரணமாகக் கொண்டு செல்லாததாக்கப்பட்டதை ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது. கைப்பேசியில் ஒரு படத்தைப் பதிவேற்றுவது இன்று ஒரு நொடி வேலை. அந்த நொடியின் தேதி அழியாமல் நிற்கிறது.

ஆனால் பொருளைப் பற்றி ஏதோ சொன்னாலே எல்லாம் போய்விடும் என்று அஞ்சவும் வேண்டாம். எது வெளியே போயிற்று என்பதில்தான் கணக்கு இருக்கிறது. ‘பாதி மின்சாரத்தில் இயங்கும் ஒரு குளிரூட்டியைச் செய்திருக்கிறேன்’ என்று மட்டும் அறிவித்தால், பயனைச் சொன்னதாகும். அதை எப்படிச் செய்வது என்பதைச் சொன்னதாகாது. பொதுவாக, துறை அறிந்த ஒருவர் கேட்டதையும் பார்த்ததையும் கொண்டு அக்கண்டுபிடிப்பைத் தாமும் செய்ய முடிந்தால்தான் அந்த வெளிப்படுத்தல் புதுமையைக் கெடுக்கும். மூடிய பெட்டியை மேசைமேல் வைத்து, அது செய்யும் வேலையைத் தூரத்திலிருந்து காட்டினால், பெட்டிக்குள் இருக்கும் சுற்றமைப்பு வெளியாவதில்லை. அதே பெட்டியைப் பார்வையாளரின் கையில் கொடுத்துத் திறந்து பார்க்கவும் விட்டால் நிலைமை வேறு. எனினும் இந்தக் கோட்டின் மீது நடப்பது கடினம் என்பது என் கருத்து. கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து ‘எந்த உலோகக் கலவை பயன்படுத்தினீர்கள்?’ என்று கேட்பார். பெருமிதத்தில் பதில் வந்துவிடும். கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசும்போது அடக்கிப் பேசுவது அவர் இயல்புக்கே மாறானது.

பொருள் விற்பனைக்கு வந்துவிட்டால் அடக்கிப் பேசுவதாலும் பயனில்லை, ஏனெனில் பொருளே பேசும். விற்ற பொருளைப் பகுத்துப் பார்த்து அதன் கலவையையோ உள்ளமைப்பையோ துறை அறிந்தவர் கண்டறிய முடியுமானால், அந்தக் கலவையும் அமைப்பும் பொதுவெளிக்கு வந்துவிட்டவையே என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு அமர்வு 1992இல் கூறியது. யாருக்காவது பகுத்துப் பார்க்கக் காரணம் இருந்ததா என்று கூட அது கேட்கவில்லை.

பொருளின் தன்மை சில நேரம் வெளியில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்பதாக இருக்கும். அப்போது என்ன செய்வது? இதற்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விடை எழுதப்பட்டது. சாமுவேல் நிக்கல்சன் என்பவர் மரக்கட்டைகளைக் கொண்டு சாலைத் தளம் அமைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். வண்டிகளும் குதிரைகளும் ஆண்டுக்கணக்கில் மிதித்த பிறகுதான் அது தாங்குமா, மரம் உளுத்துப்போகுமா என்பது தெரியவரும். எனவே 1848இல் பாஸ்டன் நகரில் ஒரு சுங்கச் சாலையில் ஏறக்குறைய 75 அடி நீளத்துக்குத் தம் சொந்தச் செலவில் அந்தத் தளத்தை அமைத்தார். அது பொதுமக்கள் போய்வரும் சாலை. யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். காப்புரிமை 1854இல்தான் கிடைத்தது. இருந்தும் 1877இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. சுங்கம் வசூலித்தவரின் சாட்சியம் இதில் பெரிய பங்கு வகித்தது: நிக்கல்சன் ஏறக்குறைய நாள்தோறும் அங்கே வந்து, தளத்தின் மீது நடந்து பார்த்து, கைத்தடியால் தட்டிப் பார்த்து, அதில் போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போவார்.

பார்ன்ஸின் பட்டைகளை ஏறக்குறைய யாரும் பார்க்கவில்லை, நிக்கல்சனின் சாலையை ஊரே பார்த்தது. தோற்றது பார்ன்ஸ், வென்றது நிக்கல்சன். பொருள் தம் கட்டுப்பாட்டில் இருந்ததா, நோக்கம் உண்மையிலேயே சோதனைதானா, அதற்குத் தேவையான அளவோடும் காலத்தோடும் நிறுத்தப்பட்டதா என்பதே வேறுபாடு. கைத்தடியோடு தினமும் வந்த மனிதரின் நோக்கத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை. இன்று அந்தக் கைத்தடியின் இடத்தில் சோதனைத் திட்டம், தேதியிட்ட பதிவேடு, பங்கேற்பாளர்களிடம் பெற்ற கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். மக்கள் விரும்புவார்களா, என்ன விலைக்குப் போகும் என்று பார்க்கும் சந்தைச் சோதனை இந்த விலக்குக்குள் வராது. மேலும் இந்த விலக்கு எல்லா நாட்டிலும் இதே அளவில் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பொதுச் சாலையில் வைத்த சோதனைக் கருவியை நின்று கவனித்தால் அதன் கொள்கை புரிந்துவிடுமானால், நோக்கம் எதுவானாலும் அது வெளியாகிவிட்டது என்று கருதும் நாடுகளே அதிகம். இந்தியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வெளியில் வைத்துச் சோதிப்பது தவிர்க்க முடியாததாக இருந்தால், அந்தச் சோதனைக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க இடம் தருகிறது.

விற்பனையின் சட்டம் இன்னும் கண்டிப்பானது, குறிப்பாக அமெரிக்காவில். வெயின் பாஃப் என்பவர் கணினிச் சில்லுகளைப் பொருத்தும் ஒரு தாங்கியை வடிவமைத்தார். மாதிரி ஒன்றைக் கூடச் செய்து பார்க்காத நிலையில், வரைபடங்களை மட்டும் பார்த்துவிட்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 30,100 தாங்கிகளுக்கான ஆணையை 1981 ஏப்ரல் 8ஆம் தேதி எழுத்தில் உறுதிப்படுத்தியது. பாஃப் விண்ணப்பித்தது 1982 ஏப்ரல் 19ஆம் தேதி. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டில் நடந்ததை அமெரிக்கச் சட்டம் பொறுத்துக்கொள்ளும்; இந்தச் சலுகைக் காலத்தைப் பின்னோக்கி எண்ணினால் 1981 ஏப்ரல் 19 வருகிறது. ஆணையோ அதற்குப் பதினொரு நாள் முந்தியது. பொருளே இல்லாதபோது அது எப்படி விற்பனை ஆகும் என்ற வாதத்தை 1998இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வணிக ரீதியாக விலைபேசி முன்வைத்திருக்க வேண்டும், கண்டுபிடிப்பு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு முதிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். துல்லியமான வரைபடங்கள் அந்த முதிர்ச்சிக்குப் போதும். பதினொரு நாட்களில் ஒரு மனிதர் தம் காப்புரிமையை இழந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், தேதிகளைக் குறித்துவைப்பதை இரண்டாம்பட்ச வேலையாக நினைக்கத் தோன்றுவதில்லை.

இரகசியமாக விற்றால்? 2019இல் ஹெல்சின், டேவா ஆகிய மருந்து நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலையும் அடைத்தது. மருந்தின் அளவு விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு செய்யப்பட்ட விநியோக ஒப்பந்தமும் விற்பனையே என்பது ஒருமித்த தீர்ப்பு. செய்முறைக் கண்டுபிடிப்புகளுக்கு இது இன்னும் ஆழமாகப் பாய்கிறது. தொழிற்சாலைக்குள் மறைத்துவைத்த ஒரு செய்முறையைப் பயன்படுத்தி, அதில் விளைந்த பொருளை ஓராண்டுக்கு மேல் விற்றுவந்த கண்டுபிடிப்பாளர், பின்னர் அந்தச் செய்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற முடியாது. 1946இல் வகுக்கப்பட்ட இந்தக் கொள்கை 2024இலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது. ஐரோப்பாவில் கேள்வியே வேறு: விற்ற பொருளைப் பார்த்துச் செய்முறையைக் கண்டறிய முடியாதென்றால், அந்த விற்பனை செய்முறையின் புதுமையைத் தொடுவதில்லை. வணிக இரகசியமாகவே சில ஆண்டுகள் வைத்திருந்து இலாபம் பார்த்துவிட்டு, போட்டியாளர் நெருங்கும்போது காப்புரிமைக்குப் போகலாம் என்று திட்டமிடுவோர் இந்த வேறுபாட்டை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன ‘சலுகைக் காலம்’ என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பலரையும் ஏமாற்றுவது இதுதான். கண்டுபிடிப்பாளரே வெளிப்படுத்திவிட்டால், அதற்குப் பின் குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளிப்படுத்தலைக் கணக்கில் எடுக்காமல் விடுவது இச்சலுகை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்கொரியா ஆகியவை 12 மாதங்கள் தருகின்றன. ஜப்பான் 2018இல் தன் ஆறு மாதக் காலத்தை ஓராண்டாக உயர்த்தியது, ஆனால் அங்கே விண்ணப்பத்தோடு அதற்கான அறிவிப்பும் தொடர்ந்து சான்றும் தர வேண்டும். ஐரோப்பாவில் நம்பிக்கைத் துரோகமாக ஒருவர் வெளிப்படுத்தினாலோ, மிகச் சில அதிகாரபூர்வ சர்வதேசக் கண்காட்சிகளில் காட்டினாலோ மட்டும் ஆறு மாதம் உண்டு. ஆய்வுக் கட்டுரைக்கோ விற்பனைக்கோ ஒரு நாளும் இல்லை. சீனாவிலும் குறுகிய சில சூழ்நிலைகளுக்கே ஆறு மாதம். இந்தியாவில் அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிவியல் கழகத்தின் முன் படிக்கப்பட்ட கட்டுரை போன்றவற்றுக்கு 31ஆம் பிரிவு 12 மாதங்கள் தருகிறது. சாதாரண வணிகக் கண்காட்சி இதில் சேராது.

ஓரிடத்தில் கிடைக்கும் சலுகை இன்னோரிடத்தில் உதவாது என்பதற்கு, ஓர் உயிரின் மரபணுத் துண்டை இன்னொன்றில் இணைக்கும் மரபணு ஒட்டுத் தொழில்நுட்பத்தை விடப் பெரிய சான்று இல்லை. ஸ்டான்லி கோகனும் ஹெர்பர்ட் பாயரும் தங்கள் முறையை 1973 நவம்பரில் ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார்கள். காப்புரிமை எடுக்கலாமே என்ற யோசனை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எழுந்தது அதன் பிறகுதான். 1974 நவம்பர் 4ஆம் தேதி, ஓராண்டுக் கெடு முடியும் தறுவாயில், அமெரிக்க விண்ணப்பம் பதிவாயிற்று. 1980இல் காப்புரிமை கிடைத்தது. அதன் உரிமத் தொகை 20 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் உயிரித் தொழில்நுட்பத் துறையையே பிறப்பித்த அந்தக் கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவுக்கு வெளியே காப்புரிமை பெறும் வாய்ப்பு, கட்டுரை வெளியான அன்றே போய்விட்டது. வெளியிட்டது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிவியல் வெளியிடப்பட வேண்டியதுதான். ஒரு விண்ணப்பத்தை முதல் நாள் போட்டுவிட்டு மறுநாள் வெளியிட்டிருந்தால் இரண்டுமே நடந்திருக்கும் என்பதுதான் வருத்தம்.

சலுகைக் காலத்துக்குள்ளும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் அது உங்களிடமிருந்து கிளம்பிய வெளிப்படுத்தலை மட்டுமே மன்னிக்கும். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வேறொருவர் ஒரு மேம்பாட்டை வெளியிட்டாலோ, தற்செயலாக இன்னொருவர் அதே பொருளைத் தாமாகவே கண்டு வெளியிட்டாலோ, அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

வெளிப்படுத்தும் அச்சத்தால் கண்டுபிடிப்பாளர்கள் ஒதுங்கிப்போன வரலாறும் உண்டு. 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு, தங்கள் கருத்துகள் களவாடப்படும் என்று பயந்து வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் பலர் வர மறுத்தார்கள். அந்தச் சிக்கல் தூண்டிய பேச்சுகளின் விளைவாக உருவானதே 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை. அது தந்த மிகப் பெரிய வசதி முன்னுரிமைக் காலம்: ஓர் உறுப்பு நாட்டில் முதல் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டால், அடுத்த 12 மாதங்களுக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் போடும் விண்ணப்பங்களையும் அந்த முதல் தேதியிலேயே போட்டதாகக் கருதுவார்கள். இடைப்பட்ட காலத்தில் விற்கலாம், பேசலாம், காட்சிக்கு வைக்கலாம். சலுகைக் காலம் பின்னோக்கிப் பார்த்து மன்னிப்பது. முன்னுரிமைக் காலம் முன்னோக்கிக் காப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

அந்த முதல் விண்ணப்பம், முழு விவரத்தைப் பின்னர் தர இடம் விடும் தற்காலிக விவரக்குறிப்போடு இருந்தாலும் போதும். அதில் ஒரு கண்ணி உண்டு: முதல் தேதி, அந்த ஆவணத்தில் எழுதப்பட்டவற்றுக்கு மட்டுமே கிடைக்கும். அவசரமாக இரண்டு பக்கம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, மறுவாரம் கருத்தரங்கில் முப்பது படங்களோடு முழு விவரத்தையும் பேசினால், ஆவணத்தில் இல்லாமல் மேடையில் மட்டும் சொல்லப்பட்ட பகுதிகளுக்குப் பாதுகாப்பு இல்லை. எதைப் பேசப் போகிறோமோ அது முழுவதும் விண்ணப்பத்துக்குள் இருக்கிறதா என்று வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

விண்ணப்பத்துக்கு முன்பே பேசியாக வேண்டிய சூழல்களும் வரும்: முதலீட்டாளர், அச்சு வார்ப்பவர், பாகங்கள் செய்து தருபவர், கூட்டு ஆய்வாளர். இவர்களிடம் கையெழுத்து வாங்கும் இரகசியக் காப்பு ஒப்பந்தம், பார்ன்ஸ் சொல்லத் தவறிய அந்த ஒரு வார்த்தையின் எழுத்து வடிவம்தான். கட்டுப்பட்டவரிடம் சொல்வது பொதுவெளியில் சொன்னதாகாது. முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலோ, கூட்டுப் பணியில் இருப்பவர்களுக்கிடையிலோ எழுத்தில் இல்லாவிட்டாலும் அந்தக் கடமை உண்டு என்று நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. ஆனால் அதைப் பிற்பாடு சாட்சிகளைக் கொண்டு நிரூபிப்பது பெரும்பாடு. ஒப்பந்தத்தை மீறி அவர் வெளியிட்டுவிட்டால் இழப்பீடு கேட்கலாம், சில நாடுகளில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துத் தப்பலாம். வெளியே போன செய்தியைத் திரும்பப் பெற முடியாது. எனவே ஒப்பந்தம் இருந்தாலும், எதிரில் இருப்பவருக்குத் தேவையான அளவு மட்டும் சொல்வதே உசிதம். அச்சு வார்ப்பவருக்கு வெளி அளவுகள் வேண்டும். உள்ளே ஓடும் மென்பொருளின் கணக்குமுறை வேண்டாம்.

ஏற்கெனவே வெளிப்படுத்திவிட்டவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. முதலில், மேலும் வெளிப்படுத்துவதை நிறுத்த வேண்டும். அடுத்து, எந்தத் தேதியில், யாரிடம், எதைக் காட்டினோம் அல்லது சொன்னோம் என்பதை மழுப்பாமல் எழுதிவைக்க வேண்டும். அழைப்பிதழ், மின்னஞ்சல், விலைப்புள்ளி, நழுவுபடங்கள் அனைத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். பதிவேற்றிய காணொளியை நீக்கிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடாது. அதை மறைத்து விண்ணப்பித்தால் பின்னாளில் எதிர்த்தரப்பு தேடி எடுக்கும், அமெரிக்காவில் வேண்டுமென்றே மறைத்தது நிரூபணமானால் காப்புரிமை முழுவதையுமே செயல்படுத்த முடியாமல் போகும். அந்தப் பட்டியலோடு ஒரு காப்புரிமை முகவரிடம் அந்த வாரமே போக வேண்டும், ஏனெனில் சலுகைக் காலம் உள்ள நாடுகளில் ஒவ்வொரு நாளும் கெடுவிலிருந்துதான் கழிகிறது.

அவரோடு அமர்ந்து பார்க்கும்போது, வெளியே போனது முழுக் கண்டுபிடிப்பு அல்ல என்று தெரியவருவது உண்டு. கண்காட்சியில் காட்டியது இயந்திரத்தின் வெளித்தோற்றம் மட்டும், அடைப்பானின் உள்வடிவம் யாருக்கும் தெரியாது என்றால், அந்த அடைப்பானுக்கு விண்ணப்பிக்கலாம். காட்டிய பிறகு செய்த மேம்பாடு, காட்டியதிலிருந்து எளிதில் தோன்றாத ஒன்றாக இருந்தால், அதற்கும் தனியே உரிமை கோரலாம். அந்த மேம்பாட்டைப் பற்றி இன்னும் யாரிடமும் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.